ஆற்றங்கரையில் நிற்கும் கரும்பின் சொந்தக்காரர்: இனிக்காத புல்லுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

ஆற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். மணல் திட்டுகளில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் வெள்ளிப் பஞ்சு போலப் பூத்து, காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிரும் ஒரு புல். பல ஊர்களில் நாணல் என்பார்கள், சில இடங்களில் பேய்க்கரும்பு. வங்காளத்தில் இதன் பெயர் ‘காஷ்’. சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் அப்புவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடுவார்களே, அந்தக் காட்சியில் திரை முழுக்க அசைவது இந்தப் பூதான்.

பேய்க்கரும்பு என்றதும் பட்டினத்தார் நினைவுக்கு வரலாம். கையில் இருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அலைந்தவருக்கு, திருவொற்றியூரில் இனித்தது என்பது கதை. கதையின் அடிப்படையே, இது சாதாரணமாக இனிக்காது என்பதுதான். தண்டு பென்சில் பருமன், உள்ளே சக்கை, சாறு சொற்பம். வயலுக்குள் வந்துவிட்டால் களை.

ஆனால், இன்று காலை காபியில் நீங்கள் போட்ட சர்க்கரை இந்தப் புல்லின் தயவில் வந்தது. இந்தியாவில் ஆலைக்குப் போகும் கரும்பு ரகங்களில் இதன் ரத்தம் கலக்காத ரகம் இன்று கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பழைய கலப்பு போதாமல் போய், மறுபடியும் ஆற்றங்கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய நிலைமை இப்போது வந்திருக்கிறது.

ஒரே ரகம், ஒரே பூட்டு

உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைப் பார்த்தால் பிரச்சினை புரியும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையம் உருவாக்கிய கோ 0238 என்ற ரகம் 2009இல் வெளியானது. விளைச்சலும் அதிகம், சர்க்கரைச் சத்தும் அதிகம். இந்த இரண்டும் ஒரே ரகத்தில் சேர்ந்து வருவது அபூர்வம். விவசாயிக்கும் லாபம், ஆலைக்கும் லாபம். பிறகென்ன, காட்டுத்தீ போலப் பரவியது. உச்சத்தில் உ.பி.யின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு ரகம்தான் நின்றது.

பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. இது ஒரு பூஞ்சை. கரும்பை நெடுக்கில் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு, புளித்த சாராய வாடை அடிக்கும். மருந்தடித்துக் காப்பாற்றும் நோய் இல்லீங்க இது. தோட்டத்துக்குள் வந்துவிட்டால் பாதித்த தூரைப் பிடுங்கி எரிப்பதும், ரகத்தை மாற்றுவதும்தான் வழி. கொண்டாடப்பட்ட அதே ரகத்தைக் கைவிடச் சொல்லி விவசாயிகளிடம் பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? கரும்பை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். அதாவது, ஒரு ரகத்தின் அத்தனை லட்சம் ஏக்கரிலும் நிற்பது ஒரே செடியின் நகல். எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு போட்ட தெரு மாதிரி. பூஞ்சை ஒரு சாவியைக் கண்டுபிடித்துவிட்டால் முழுத் தெருவும் திறந்துகொள்ளும்.

இது புதிதும் அல்ல. 1930களின் கடைசியில் உ.பி., பிகார் பகுதிகளில் கோ 213 ரகம் இதே நோயில் சரிந்தது. கடலூரில் உருவாகி 1970களில் வந்த கோ.சி. 671, சர்க்கரைச் சத்தில் பேர் போன ரகம், தமிழகக் கடலோர மாவட்டங்களில் செவ்வழுகலிடம் தோற்றது. அந்தக் கோ.சி. 671இன் பிள்ளைதான், 2000இல் வெளிவந்து இன்றும் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் பெருமளவு பயிராகும் கோ 86032. இதுவும் நல்ல ரகம்தான். ஆனால் ஒரே ரகத்தின் மீது இத்தனை வருடம் இத்தனை பாரம் ஏற்றிவைத்திருப்பது தைரியம் இல்லை, சூதாட்டம்.

‘வெள்ளை’க்கும் நாணலுக்கும் நடந்த கல்யாணம்

கரும்பின் குடும்பக் கதை நியூ கினியில் தொடங்குகிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் காட்டுக் கரும்பு ஒன்றிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான் ‘சக்காரம் அஃபிசினாரம்’. தடித்த தண்டு, மெல்லிய தோல், நிறைய சாறு. விஞ்ஞானிகள் இதை ‘உயர்குடிக் கரும்பு’ என்றே அழைக்கிறார்கள். பெயருக்கேற்ற செல்லப்பிள்ளை. குளிர் தாங்காது, வறட்சி தாங்காது, நோய் வந்தால் முதலில் விழும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயிரானது ஒல்லியான, விளைச்சல் குறைந்த உள்ளூர்க் கரும்பு. தடித்த வெப்பமண்டலக் கரும்பைக் கொண்டுபோய் பஞ்சாபில் நட்டால் குளிரில் பட்டுப்போகும். ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு வழி தேடித்தான் 1912இல் கோவையில் கரும்பு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. வடக்கத்திக் கரும்புக்கு ஏன் கோவை? காரணம் எளிது. கரும்பு எல்லா ஊரிலும் நன்றாகப் பூக்காது. பூ இல்லையென்றால் கலப்பு இல்லை. கோவையின் பகல் நீளமும் தட்பவெப்பமும் கரும்பைப் பூக்கவைத்தன.

அங்கே பணியாற்றிய சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்தது அன்றைக்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமான காரியம். ‘வெள்ளை’ என்ற பெயருள்ள உயர்குடிக் கரும்பை, கோவைப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த காட்டுப் புல்லோடு, அதாவது நாம் ரயிலிலிருந்து பார்த்த அந்த ‘சக்காரம் ஸ்பான்டேனிய’த்தோடு கலந்தார்கள். அம்மா வெள்ளை, அப்பா நாணல். பிறந்தது கோ 205. 1918இல் பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த ‘கத்தா’ ரகத்தைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல் விளைச்சல்.

இந்தக் கல்யாணத்தில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. வெள்ளைக்கு 80 குரோமோசோம். கோவை நாணலுக்கு 64. பள்ளிக்கூடப் பாடப்படி ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 40+32, ஆக 72 இருக்க வேண்டும். கோ 205இல் எண்ணிப் பார்த்தால் 112! அம்மா தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டாள், அப்பா மட்டும் பாதி கொடுத்தார். உயர்குடிக் கரும்பைக் காட்டுப் புல்லோடு கலக்கும்போது இப்படி நடப்பது வழக்கம். இனிப்புப் பக்கம் சீக்கிரம் மீண்டுவிடுவதற்கு இது பெரிய உதவி.

ஜாவாவில் டச்சுக்காரர்களும் இதே பாதையில்தான் போனார்கள். அங்கே ‘செரே’ என்ற நோய் கரும்புத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, காட்டுப் புல்லோடு இயற்கையாகவே கலந்து உருவான ‘கசூர்’ என்ற கரும்பு மட்டும் நோயில்லாமல் நின்றது. அதை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, 1921இல் பி.ஓ.ஜே. 2878 என்ற ரகத்தை எடுத்தார்கள். அது உலகம் சுற்றியது.

கோவையும் ஜாவாவும் போட்ட இந்த அடித்தளத்தின் மீதுதான் உலகக் கரும்பே நிற்கிறது. இன்றைய ரகங்களின் மரபணுத் தொகுப்பில் சுமார் 80 சதவீதம் உயர்குடிக் கரும்பு. 10 முதல் 20 சதவீதம் வரை காட்டுப் புல். அந்தச் சிறிய பங்குதான் வீரியம், மறுதாம்பு விடும் திறன், நோய் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் மூலம். சரி, அந்தப் பங்கு எத்தனை காட்டுச் செடிகளிலிருந்து வந்தது? விரல்விட்டு எண்ணிவிடலாம். நூறு வருடமாக அந்தச் சிலரின் பேரன் பேத்திகளையே தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கட்டிவைத்துக்கொண்டிருக்கிறோம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் மாதிரி ஆகிவிட்டது கரும்பு.

அப்படி என்னதான் இருக்கு அந்தப் புல்லில்?

முதலில் நிலத்துக்கு அடியில் பார்க்க வேண்டும். நாணலுக்கு மண்ணுக்குள் படுத்து ஓடும் கிழங்குத் தண்டு உண்டு. மேலே வெயிலில் காய்ந்து கருகினாலும், தீ வைத்தாலும், வெள்ளம் அடித்துப்போனாலும் அந்தத் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர் ஆழம் போகும். வெட்ட வெட்டத் தழைக்கும் இந்தக் குணம்தான் விவசாயி எதிர்பார்க்கும் மறுதாம்பு. (இதே குணத்தால் பனாமா கால்வாய்ப் பகுதியில் இது காட்டையே வளரவிடாமல் ஆக்கிரமித்திருக்கிறது. அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட களைகளின் பட்டியலில் இருக்கிறது. நல்லவர், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல.)

அடுத்தது, இது வாழும் இடங்களின் வீச்சு. இமயமலை அடிவாரக் குளிரிலும் நிற்கிறது, கடலோர உப்பு மண்ணிலும் நிற்கிறது, ஆற்று மணலிலும் சதுப்பிலும் நிற்கிறது. குரோமோசோம் எண்ணிக்கையே செடிக்குச் செடி 40இலிருந்து 128 வரை மாறும். மனிதர்களில் ஒருவருக்கு 46, பக்கத்து ஊர்க்காரருக்கு 92 என்று இருந்தால் எப்படி இருக்கும்! ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடு தாவர உலகிலேயே அதிகம் பார்க்க முடியாதது.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். ‘காட்டுச் செடி என்றால் எல்லாம் தாங்கும்’ என்பது உண்மை இல்லை. அருணாசலப் பிரதேச மலைச்சரிவில் நிற்கும் ஒரு தூர் குளிரைத் தாங்கலாம், உப்பில் செத்துப்போகும். கடற்கரைத் தூர் உப்பைத் தாங்கும், செவ்வழுகலில் விழலாம். எது எதைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாக நட்டு, தண்ணீரை நிறுத்தி, உப்பு நீர் பாய்ச்சி, நோய்க் கிருமியைச் செலுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஓரிரு ‘சூப்பர்’ செடிகள் கிடைத்தால் போதாது. தூர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

இன்னொரு உறவினரும் உண்டு. ‘எரியாந்தஸ்’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது பல ஆய்வாளர்களால் ‘ட்ரிபிடியம்’ என்று வகைப்படுத்தப்படும் பெரும் புல். வறட்சி, நீர்தேக்கம், செவ்வழுகல், அனைத்துக்கும் ஈடுகொடுக்கும் முரட்டுச் செடி. கரும்புக்கு இது நேரடிப் பங்காளி அல்ல, தூரத்துச் சொந்தம். அங்கேதான் சிக்கலும்.

அப்போ கலந்துவிட வேண்டியதுதானே?

அவ்வளவு சுலபமாக இருந்தால் இத்தனை நேரம் முடித்திருப்பார்கள்.

முதல் தடை காலண்டர். நாணல் முன்னாடியே பூத்து முடித்துவிடும். கரும்பு பின்னாடி பூக்கும். இருவரும் ஒரே நேரத்தில் பூக்க, செயற்கையாகப் பகல் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் செடிகளை ஏமாற்ற வேண்டும். இரண்டாவது, கலப்பில் பிறக்கும் முதல் பிள்ளை பெரும்பாலும் அப்பன் ஜாடை. ஒல்லித் தண்டு, அதிகச் சக்கை, குறைந்த சர்க்கரை. வேண்டிய ஒரு குணத்தோடு வேண்டாத நூறு குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் திரும்பத் திரும்ப நல்ல கரும்போடு கலந்து, மூன்று நான்கு தலைமுறை கழித்துத்தான் ஆலைக்கு ஏற்ற இனிப்பு மீளும். அதற்குள், தேடிப்போன அந்த ஒரு குணம் வழியில் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரியாந்தஸ் விஷயம் இன்னும் மோசம். கலப்பில் பிறந்ததாக நினைத்து வளர்த்த செடி, கடைசியில் கலப்பே நடக்காத வெறும் கரும்பாக இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. சோதனை வந்த பிறகுதான் எது அசல், எது போலி என்று பிரிக்க முடிந்தது. அசலாகவே பிறந்தாலும் பல மலடாக இருக்கும், அல்லது தலைமுறை போகப் போக எரியாந்தஸ் குரோமோசோம்கள் நழுவிவிடும்.

காலம் எவ்வளவு ஆகும் என்று ரகத்தின் பெயரே சொல்லும். கோ 86032இல் முதல் இரண்டு எண் 86, அதாவது 1986இல் அதற்கு எண் கொடுக்கப்பட்டது. விவசாயிக்கு வந்தது 2000இல். எண் கிடைப்பதற்கு முன் கலப்பு, நாற்று, முதற்கட்டத் தேர்வு என்று போன வருடங்கள் இதில் சேர்த்தி இல்லை. இதெல்லாம் நல்ல ரகத்தோடு நல்ல ரகத்தைக் கலந்ததற்கே. காட்டுப் புல்லிலிருந்து தொடங்கினால் அதற்கும் மேல்.

தேடிப் போனவர்கள்

தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் கோவையில் இந்தக் குடும்ப உறவுகளைக் குரோமோசோம் அளவில் பிரித்துப் பார்த்தார். கரும்பை எரியாந்தஸோடு கலந்தார், மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். ‘இதெல்லாம் நடக்குமா’ என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நடக்கும் என்று செடியாகவே காட்டியவர்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுற்றிக் காட்டு நாணல்களைச் சேகரிக்கும் தனித் திட்டம் ஒன்று தொடங்கியது. அப்படிச் சேகரித்த செடிகளுக்கு எஸ்.இ.எஸ். என்ற எழுத்துகளோடு எண் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று எஸ்.இ.எஸ். 208. பல பத்தாண்டுகள் கழித்து, இந்தச் செடியின் மகரந்தப் பையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த, குரோமோசோம் பாதியாகக் குறைந்த செடியைத்தான் சீன ஆய்வாளர்கள் தலைமையிலான குழு படித்து, 2018இல் நாணலின் முழு மரபணு வரைபடத்தை வெளியிட்டது. மண்ணைத் தட்டிக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த ஒரு தூர் எழுபது வருடம் கழித்து எங்கே போய் நிற்கும் என்று, அன்றைக்கு அதைப் பிடுங்கியவர் நினைத்திருக்க மாட்டார்.

வணிகக் கரும்பின் வரைபடம் 2024இல்தான் வந்தது. ரீயூனியன் தீவின் ஆர் 570 என்ற ரகம். நெல், சோளம், கோதுமை எல்லாம் முடிந்த பிறகு கரும்பு ஏன் இவ்வளவு தாமதம்? ஒவ்வொரு குரோமோசோமுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பல நகல்கள், நூறுக்கும் மேல் மொத்த எண்ணிக்கை. ஒரே படத்தின் பத்து ஜிக்சா புதிர்களைக் கொட்டிக் கலந்துவிட்டு, பத்தையும் தனித்தனியாகச் சேர்க்கச் சொன்னால் எப்படியோ அப்படி. இப்போது வரைபடம் கையில் இருப்பதால், எந்தத் துண்டு காட்டிலிருந்து வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று தேட முடிகிறது. துரு நோயை நீண்ட காலமாகத் தடுத்துவரும் ‘புரு1’ என்ற பகுதியில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்வதாக அந்த ஆய்வு சுட்டியது.

குறுக்கு வழியும் முயன்றிருக்கிறார்கள். கலப்பே வேண்டாம், வேண்டிய மரபணுவை மட்டும் எடுத்து வைப்போம் என்று, எரியாந்தஸில் வெப்பம், வறட்சியின்போது செல்லின் புரதங்களைக் குலையாமல் காக்கும் ஒரு மரபணுவைக் கோவை ஆய்வாளர்கள் கோ 86032இல் சேர்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தண்ணீர் இல்லாமலும் உப்பிலும் அந்தச் செடிகள் சாதாரணச் செடிகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆனால் மரபணு மாற்றுக் கரும்பு இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. அதனால் விவசாயியின் வயலுக்கு வரும் வழி இப்போதைக்குப் பழைய வழிதான். பூவும் மகரந்தமும் பொறுமையும்.

உயிரோடு வைத்திருக்க வேண்டிய நூலகம்

நெல் என்றால் விதையைக் குளிர்பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகள் காக்கலாம். கரும்பில் விதையை வைத்தால் அதே செடி திரும்ப வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. அதனால் செடியாகவே, வயலில், வருடா வருடம் வெட்டி, மறுநடவு செய்து காக்க வேண்டும். உலகத்தில் இப்படிப்பட்ட பெரும் தொகுப்புகள் இரண்டுதான். ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், இன்னொன்று நம் பக்கத்தில், கேரளத்தின் கண்ணூரில். உயர்குடிக் கரும்பும் அதன் பழைய சொந்தங்களும் கண்ணூரில் நிற்கின்றன. செவ்வழுகல் போன்ற பெரிய நோய்கள் அண்டாத இடம் என்பதால் கடலோரக் கண்ணூர். நாணலும் எரியாந்தஸும் கோவையில். தூரத்துச் சொந்தங்களைக் கலப்பதற்கென்றே அட்டப்பாடியின் அகளியில் தனி மையம் உண்டு.

ஆள் வராவிட்டால் களை மூடும், தண்ணீர் நின்றால் காயும். பக்கத்துத் தூரின் கிழங்கு வரப்பைத் தாண்டி ஊர்ந்துவந்து, யார் எவர் என்றே தெரியாமல் கலந்துவிடும். இது ஒரு ஆய்வுக் கட்டுரையாகவோ பத்திரிகைச் செய்தியாகவோ ஆகாத, அன்றாடத் தோட்ட வேலை. நிதி குறையும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இப்படிப்பட்ட வேலைகளில்தான்.

ஆறுகளில் இன்னும் சேகரிக்கப்படாத நாணல்களும் நிற்கின்றன. மணல் அள்ளும்போது, கரையைக் கான்கிரீட்டால் கட்டும்போது, புதர் என்று சொல்லி ஜே.சி.பி. விட்டுச் சுத்தம் செய்யும்போது போவது எந்தத் தூர், அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் கணக்கு கிடையாது.

கோவையில் அக்டோபர், நவம்பர் வந்தால் கரும்பு பூக்கத் தொடங்கும். அம்மாவாகத் தேர்ந்தெடுத்த பூங்கதிரைத் துணிக் கூண்டுக்குள் வைத்து, காலையில் அப்பாவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அதன்மேல் உதறுவார்கள். பார்பரும் வெங்கட்ராமனும் செய்த அதே வேலை. இந்த வருடம் அந்தக் கூண்டுக்குள் ஒரு நாணலின் மகரந்தம் போனால், அதன் வாரிசு உங்கள் மாவட்டத்து வயலுக்கு வர எப்படியும் 2040 தாண்டிவிடும்.